900 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை ஏன் நின்றுவிட்டது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வயது 34, உயரம் 156 செ.மீ. 78 கிலோவில் ஆரம்பித்தீர்கள், ஆப்பில் எழுதி வைத்துத் தினமும் 900 கலோரி என்று கட்டுப்படுத்தினீர்கள், முதல் மூன்று வாரத்தில் 4 கிலோ இறங்கியது, அப்புறம் ஐந்து வாரமாக 74-லேயே நிற்கிறது. முடி கொத்துக் கொத்தாக வருகிறது, இந்த மாதம் பீரியட்ஸ் மூன்று வாரம் தள்ளிப் போயிருக்கிறது. ஜிம்மில் உங்கள் தோழி "உடம்பு ஸ்டார்வேஷன் மோடுக்குப் போயிடுச்சு, இனிமே கூட்டிச் சாப்பிட்டாத்தான் இறங்கும்" என்கிறார். அம்மா "சாப்பிடாமக் கெடந்தா முடி கொட்டாம என்ன செய்யும்" என்கிறார். குறைவாகச் சாப்பிடுவதே எடை இறங்குவதைத் தடுக்கிறதா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. இதற்கு மேல் என்ன செய்வது, இன்னும் குறைப்பதா கூட்டுவதா என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் டயட்டீஷியன். பதினெட்டு வருஷமாக, பெரும்பாலும் மதுரைப் பக்கத்து ஆட்களோடு, சர்க்கரை, தைராய்டு, எடை என்று இதே வேலைதான். மருத்துவர் இல்லை. பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், தோழி சொல்வது இயற்பியல்படி தவறு, அம்மா சொல்வதில் விஷயம் அதிகம். ஆனால் தோழி சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் தவறான காரணத்தைச் சொல்லிக் கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

சந்தேகமே இல்லாத பகுதியில் ஆரம்பிக்கிறேன். உள்ளே போவது செலவாவதைவிடக் குறைவாக இருக்கும்வரை உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்தே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. ரொம்பக் குறைத்துவிட்டால் கொழுப்பு கரைவது நின்றுபோகும் என்றால் பஞ்ச காலத்தில் யாரும் எலும்பும் தோலுமாக ஆகியிருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியரி என்று ஒருவர், 1965-66-ல் டண்டீ நகர மருத்துவர்கள் கண்காணிப்பில் 382 நாள் உணவே இல்லாமல் இருந்தார். தண்ணீர், டீ, காபி, வைட்டமின், உப்புச் சத்துகள், அவ்வளவுதான். 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். யாரும் இதை முயற்சி செய்துவிடாதீர்கள், இப்படிப் பட்டினி இருந்தவர்களில் இதயம் நின்று இறந்தவர்களும் உண்டு. பட்டினி கிடந்தாலும் உடம்பு எடை குறைவதை நிறுத்துவதில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இதைவிட நமக்குப் பாடம் அதிகமுள்ளது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம், 1944 நவம்பர். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம், நாளுக்குச் சராசரியாக 1600 கலோரிக்கும் சற்றுக் குறைவு, உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி, கூடவே வாரம் 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால் பங்கு போய்விட்டது. ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, அவ்வளவு குறைந்தும் எடை இறங்கத்தான் செய்தது. ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் முக்கியமாகப் படுகிறது. எப்போதும் குளிர், எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு. தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒருவர் நாளுக்கு 40 பாக்கெட் வரை சூயிங்கம் மென்றார். கட்டுப்பாட்டை விட்டதும் சிலர் ஒரே நாளில் பல ஆயிரம் கலோரி சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். தசை திரும்புவதற்கு முன்னால் கொழுப்பு திரும்பிவிட்டது, பலருக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாக.

இந்தக் கதையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டுதான் ஜிம்களில் ஸ்டார்வேஷன் மோட் என்ற பேச்சு உலவுகிறது. மெட்டபாலிசம், அதாவது உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம், குறைவது உண்மை. எடை குறைந்த உடம்பைச் சுமக்கவும் நடத்தவும் சக்தி குறைவாகப் போதும், இது ஒரு பங்கு. அதற்கு மேலும் உடம்பு கொஞ்சம் கைப்பிடியை இறுக்கும்: பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும், தைராய்டு ஹார்மோன்களில் டி3 குறையும், நமக்கே தெரியாமல் எழுந்து நடப்பது, கையை ஆட்டிப் பேசுவது எல்லாம் சுருங்கும். நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் செய்து 1995-ல் வெளியான ஆய்வில், எடையில் 10 சதவீதம் இழந்தவர்களுக்கு எதிர்பார்ப்பதைவிட 10 முதல் 15 சதவீதம் வரை செலவு கூடுதலாகக் குறைந்திருந்தது. இதுவரை பெரிய தகராறு இல்லை. தகராறு எங்கே என்றால், இந்தக் குறைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதில். அமெரிக்காவில் எடைக் குறைப்புப் போட்டி டிவி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. அவர்களுக்கு ஓய்வுநிலைச் செலவு கணக்குக்குக் கீழே 500 கலோரி அளவில் இருந்ததாகச் சொன்னது, மெட்டபாலிசம் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று ஊரெல்லாம் பயந்தது. பிறகு அந்த ஆய்வை நடத்திய கெவின் ஹாலே 2022-ல், அவர்கள் தொடர்ந்து செய்துவந்த கடும் உடற்பயிற்சிக்கு உடம்பு செய்த ஈடுகட்டலாக இது இருக்கலாம் என்று வேறு மாதிரி விளக்கினார். எடை ஒரே நிலையில் சில வாரம் நின்றபிறகு அளந்த வேறு ஆய்வுகளில் வித்தியாசம் 50 கலோரி மாதிரிச் சின்னதாகத்தான் வந்திருக்கிறது. ஆகவே மெட்டபாலிசம் குறையும், ஆனால் கெட்டுப்போய்விடும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் கணக்கு. வயது, உயரம், எடையை வைத்துக் கணக்கிடும் மிஃப்லின் சூத்திரப்படி உங்களுக்கு ஓய்வுநிலைச் செலவு ஏறக்குறைய 1380 கலோரி. உட்கார்ந்து செய்கிற வேலை, வீட்டு வேலை, கொஞ்சம் ஜிம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1800 என்று வைப்போம். நம் ஆட்களுக்கு இந்தச் சூத்திரங்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும், சரி. அதற்கும் மெட்டபாலிசம் இறங்கியதற்கும் சேர்த்துத் தாராளமாகவே 15 சதவீதம் கழித்தால் 1530. நிஜமாகவே 900 மட்டும் உள்ளே போயிருந்தால் தினமும் 630 பற்றாக்குறை, ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று வைத்தால் ஐந்து வாரத்தில் மூன்று கிலோவுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு மோசமான நிலையை வைத்துப் போட்டாலும் பூஜ்யம் வரவில்லை. அப்படியானால் உள்ளே போவது 900 இல்லை, அல்லது கொழுப்பு இறங்கியும் தராசில் தெரியவில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 1992-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு, 1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையாதவர்கள் என்று தங்களை நினைத்தவர்களை வைத்து. சராசரியாக 1000 கலோரி என்று எழுதியிருந்தார்கள், அளந்து பார்த்தால் அதற்கு இரண்டு மடங்கு. மெட்டபாலிசம் எல்லோருக்கும் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை, கண் அளவு அப்படி. உணவு பற்றியே படித்த எங்கள் ஆட்களும் தாங்கள் சாப்பிட்டதைக் குறைத்துத்தான் எழுதுகிறோம்.

ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வந்துகொண்டிருந்தார். நோட்டில் கோடு போட்டு, நேரம் குறித்து, கையெழுத்து மணி மணியாக. எண்ணெய் என்று வருகிற இடமெல்லாம் "2 ஸ்பூன்". அடுத்த தடவை வரும்போது அந்த ஸ்பூனைக் கொண்டுவாருங்கள் என்றேன். மஞ்சப்பையில் செய்தித்தாள் சுற்றி ஒரு குழிக்கரண்டியைக் கொண்டுவந்தார், காம்பு கொஞ்சம் வளைந்து, அடிப்பக்கம் கறுத்து, அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் கரண்டி. தண்ணீர் ஊற்றி மருந்து அளக்கிற குப்பியில் கவிழ்த்தோம். 28 மில்லி. அதில் இரண்டு என்றால் 56. மூன்று பேர் சாப்பிடுகிற குழம்பு, ஆளுக்கு 19 மில்லி, 155 கலோரி. நோட்டில் டீஸ்பூன் என்று நினைத்து நான் போட்டிருந்த கணக்கு ஆளுக்கு 30-கூட இல்லை. குழம்பு ஒன்றுக்கு மட்டும் இது, பொரியலும் தோசையும் தனி. குப்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் பொய் எழுதலைங்க மேடம்" என்றார், கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகப் போயிற்று. அதிலிருந்து யாரிடமும் நேராக எண்ணெயை எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று கேட்பதில்லை. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்றுதான் கேட்பேன். நாலு பேருக்கு 5 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 41 மில்லி, 340 கலோரி. ஆப்பில் இந்த 340-ல் பாதிகூட ஏறியிருக்காது. அப்புறம் தாளிக்கும்போது உப்புப் பார்த்தது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசை, ஆபீஸில் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு. இதையெல்லாம் சாப்பாடு என்று யாரும் கணக்கு வைப்பதில்லையே.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சனி, ஞாயிறு ஆப்பில் எழுதுறதில்ல, ஆனா அளவாத்தான் சாப்பிடுவேன்." என் கண் அங்கேதான் நின்றது. ஐந்து நாள் 900 என்றால் 4500. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஐந்து நாள் இருந்த மனுஷி ஆறாவது நாள் ஒரு பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி, மறுநாள் மாமியார் வீட்டு விருந்து என்றால் 2500 ரொம்பச் சுலபமாக வந்துவிடும், அதை அளவாகச் சாப்பிட்டதாகவே அவர் உணரவும் செய்வார், அவ்வளவு பசி. இரண்டு நாளுக்கு 5000. மொத்தம் 9500, ஏழால் வகுத்தால் நாளுக்கு 1350-க்கு மேல். எழுதாத எண்ணெய்க்கு ஒரு 200 சேருங்கள். 1550-க்குப் பக்கம் வந்துவிட்டது, மேலே உங்கள் செலவு என்று போட்டேனே, 1530, அது. உங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்ல நான் யார், ஆனால் இதே கணக்கு எத்தனையோ நோட்டுகளில் வந்திருக்கிறது.

தண்ணீர் விஷயம் அடுத்தது. முதல் மூன்று வாரம் இறங்கிய 4 கிலோவில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைக்கோஜனாக இருக்கிறது, ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் காலியாவது அதுதான். சனிக்கிழமைப் பிரியாணியிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் உப்போடு திரும்பி வருவதும் அதே தண்ணீர்தான். பீரியட்ஸுக்கு முந்தின வாரம் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட நீர் கூடும், உங்களுக்கு அது மூன்று வாரமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. மின்னசோட்டா ஆட்களுக்கும் காலில் நீர் கோத்தது, அதனால் கரைந்த சதை தராசில் முழுதாகத் தெரியவில்லை. உங்களுக்கும் உள்ளே ஒரு கிலோ கொழுப்பு கரைந்திருந்து தண்ணீர் அதை மறைத்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்புண்டு. பாவாடை நாடாவைக் கேளுங்கள், தராசைவிட அது யோக்கியம்.

ஆக எடை இறங்குவதை 900 கலோரி தடுக்கவில்லை. அப்படியானால் இன்னும் குறைக்கலாமே என்று கேட்டால், அங்கேதான் உங்கள் அம்மா பக்கம் நான் சேர்ந்துகொள்கிறேன். நீங்கள் எழுதிய மெனு: காலையில் ஓட்ஸ், மதியம் ஒரு கப் சாதம், ரசம், காய், ராத்திரி இரண்டு இட்லி அல்லது வெள்ளரிக்காய். புரதம் 30 கிராம்கூடத் தேறாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொன்ன கணக்குப்படி 55 கிலோ பெண்ணுக்கு, எடை குறைக்காமல் சும்மா இருக்கவே, நாளுக்கு 46 கிராம் வேண்டும். பற்றாக்குறையில் இருக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுக்காது, தசையையும் சேர்த்து எடுக்கும், பொதுவாக இறங்கும் எடையில் கால் பங்கு அப்படிப் போகிறது, புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமல் வேகமாக இறங்கினால் அதற்கும் மேலே. பின்னால் எடை ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறுவதால், இரண்டு மூன்று தடவை இறங்கி ஏறியவர் அதே 78 கிலோவில் முன்பைவிடத் தளர்ந்த உடம்போடு இருப்பார். சாப்பாடு இப்படித் திடீரென்று குறைந்தால் முடி வேரோடு ஓய்வுக்குப் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், உங்களுக்கு எட்டாவது வாரம் என்பது அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நல்ல செய்தி, சாப்பாட்டைச் சரி செய்தால் பெரும்பாலும் முளைத்துவிடும், ஆனால் அதுவும் மாதக்கணக்கில்தான். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்புக் கூடுகிறது, இதுவும் உறுதியான விஷயம். பீரியட்ஸ் கதை கொஞ்சம் சிக்கலானது. உடம்பில் கொழுப்பு நீங்கிய எடை ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கலோரிக்குக் கீழே போனால் ஐந்தே நாளில் மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் ஹார்மோன் துடிப்புத் தடுமாறுகிறது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை சாதாரண எடையுள்ள இளம்பெண்களிடம் நடந்தவை, 74 கிலோ உள்ள ஒருவருக்கு அதே கோட்டை அப்படியே போடமாட்டேன்.

இதையெல்லாம்விடப் பெரிய சேதம் பசியில்தான். 900-ல் மெட்டபாலிசம் தோற்பதில்லை, மனுஷிதான் தோற்கிறாள். ஐந்து நாள் கடும் பத்தியம், இரண்டு நாள் கட்டவிழ்ப்பு, திங்கட்கிழமை குற்ற உணர்ச்சியில் 800. இந்தச் சுற்றில் சிக்கினவர்களுக்குத் தங்கள் மேலேயே கோபம் வருகிறது, எனக்குத்தான் மனஉறுதி இல்லை என்று. பட்டினி போட்ட உடம்பு சோற்றைக் கேட்பதில் என்ன மனஉறுதிக் குறை?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். 1000 கலோரி சார்ட் ஒன்று டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம், குண்டாக யார் வந்தாலும் ஒரு தாள். தையல் கடை வைத்திருந்த ஒரு அக்கா அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைத்தார், அவரைக் காட்டித்தான் மற்றவர்களிடம் பேசுவேன், அவ்வளவு பெருமை. ஒரு வருஷம் கழித்துப் பித்தப்பைக் கல் வலியோடு வந்தார், எடை ஆரம்பித்ததைவிட 4 கிலோ அதிகம். கல் அந்த டயட்டால்தான் வந்தது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் "நீங்க குடுத்த தாளை பீரோவுல வச்சிருக்கேன், திரும்ப ஆரம்பிக்கட்டுமா" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரமே மிச்சத் தாள்களைக் கிழித்துவிட்டேன்.

ஆனால் மெதுவாக இறங்கினால்தான் நிற்கும், வேகமாக இறங்கினால் கட்டாயம் ஏறிவிடும் என்று பலர் சொல்வதையும் நான் அப்படியே வழிமொழிய மாட்டேன். மெல்போர்னில் 200 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், பாதிப்பேர் 12 வாரத்தில் மிகக் குறைந்த கலோரியில் வேகமாகவும், பாதிப்பேர் 36 வாரத்தில் மெதுவாகவும் குறைத்தார்கள். இலக்கை எட்டியவர்கள் வேகக் குழுவில் 81 சதவீதம், மெதுவான குழுவில் 50 சதவீதம், மூன்று வருஷம் போல் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் இறங்கியதில் 70 சதவீதத்துக்கு மேல் திரும்பியிருந்தது. பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரெக்ட் என்ற ஆய்வில், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் 850 கலோரி அளவில் சத்துகள் சேர்த்த பானங்கள் மட்டும் கொடுத்தார்கள், ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதாவது உங்கள் 900-ஐவிடக் குறைவு. வித்தியாசம் என்னவென்றால் அந்த 850-க்குள் புரதமும் வைட்டமினும் அளந்து வைத்திருந்தது, மருந்தை மருத்துவர் நிறுத்தினார், அப்புறம் சாப்பாட்டுக்குத் திரும்பும் கட்டத்துக்கு மாதக்கணக்கில் ஆள் கூடவே இருந்தது. இது இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் தரம் குறைந்த புரதத் திரவத்தை மட்டும் குடித்து எடை குறைத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 1200-க்குக் கீழே போகக் கூடாது என்பதும் கடவுள் கட்டளை இல்லை, அதற்குக் கீழே சாதாரண வீட்டுச் சாப்பாட்டில் எல்லாச் சத்தையும் அடக்குவது ரொம்பக் கஷ்டம் என்பதால் நாங்கள் வைத்துக்கொண்ட வேலி.

என்னிடம் நேரில் வந்திருந்தால் உங்களை 1300, 1400-க்கு ஏற்றுவேன், ஏழு நாளும். தோழி சொன்னது போலவே ஆகிவிட்டது பார்த்தீர்களா! ஆப்பில் எழுதும் எண் கூடும், வாரக் கணக்கில் உள்ளே போவது குறையும், அவ்வளவுதான் இதிலுள்ள மந்திரம். பிரியாணியும் இந்த எண்ணுக்குள் வரட்டும், பாதித் தட்டு, எழுதியே சாப்பிடுங்கள். முட்டை, மீன் சாப்பிடுவேன் என்றிருக்கிறீர்கள், அது பெரிய வசதி. காலையில் இரண்டு முட்டை, மதியம் சோற்றைக் குறைக்காமல் அதே ஒரு கப் வைத்து ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்போ மீன் குழம்பில் நூறு கிராம் மீனோ, சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி இட்லியோடு ஒரு கப் தயிர், நடுவில் ஒரு டம்ளர் பால். 65 கிராம் புரதம் வந்துவிடும், மீன் இல்லாத நாளில் ஒரு கைப்பிடி மீல்மேக்கர் போட்டுக்கொள்ளலாம். எண்ணெயை அளவுக் கரண்டியில் ஊற்றுங்கள். ஜிம்மில் டிரெட்மில்லில் மட்டும் ஏறாமல் வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்குங்கள், தசையைக் காப்பாற்ற புரதமும் அதுவும் சேர்ந்துதான் வேலை செய்யும். வாரம் அரைக் கிலோ இறங்கினால் எனக்குப் போதும். முதல் வாரம் தராசு ஒரு கிலோ கூடிக் காட்டலாம், கிளைக்கோஜன் தண்ணீர்தான், பதறி மறுபடி 900-க்கு ஓடாதீர்கள்.

இதெல்லாம் நீங்கள் எழுதிய பத்து வரியை வைத்துச் சொல்வது. முகம் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனை பார்க்கவில்லை. மூன்று வாரம் தள்ளிப் போயிருக்கிறது என்றால் டயட் பேச்சுக்கு முன்னால் வீட்டிலேயே ஒரு பிரெக்னன்ஸி டெஸ்ட் பாருங்கள், எத்தனை பேர் இதை மறந்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா. அது இல்லையென்றால் மருத்துவரைப் பார்த்து தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) முன்னால் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள், முடிக்கும் பீரியட்ஸுக்கும் இவற்றில் ஏதாவது காரணமாக இருந்தால் என் சுண்டல் கணக்கு மட்டும் போதாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால் அதை எழுத விட்டுவிட்டீர்கள், அப்படியிருந்தால் 900-ல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள், சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சாப்பிட்டதற்காக வாந்தி எடுப்பது, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது என்று ஏதாவது இருந்தால் அது என் எல்லைக்கு வெளியே, மனநல மருத்துவரிடம் போகவேண்டியது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. இன்றைக்கு எண்ணெய் பாட்டிலில் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே மார்க்கரில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். சமைப்பதை மாற்றாதீர்கள், எப்போதும் போலவே ஊற்றுங்கள். இந்தச் சனி, ஞாயிறு மட்டும் ஆப்பில் வாய்க்குப் போனது எல்லாவற்றையும், பிள்ளை வைத்த அரைத் தோசை உட்பட, எழுதுங்கள். பத்து நாள் கழித்து கோடு எவ்வளவு இறங்கியது, வீட்டில் எத்தனை பேர், அந்த இரண்டு நாளின் மொத்தம் எவ்வளவு, இந்த மூன்றையும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.